சூடு படாத கால்

யார் மேல் பிழை என்று சொல்வது நீதவானின் வேலை. எது எங்கே கிடந்தது என்று அளந்து எழுதுவது என் வேலை. முப்பது வருஷத்துக்கு மேல் அதைத்தான் செய்தேன். ஹட்டன் பக்கத்தில் ஒரு பொலிஸ் நிலையம், போக்குவரத்துப் பிரிவு. கான்ஸ்டபிளாகச் சேர்ந்து சார்ஜன்ட்டாக ஓய்வு பெற்றேன்.

போன மாதம் அங்கிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். பிரிவுக்குப் புதிதாக வந்தவர்கள். இப்போது விபத்து நடந்த இடத்தைப் போனில் படம் பிடித்துக்கொள்கிறார்களாம். நீளம் அகலம்கூட போனே சொல்லுமாம். "அந்தக் கொழுந்து லொறி கேஸ் ஃபைல பாத்தோம் சேர். ஒரு படம்கூட இல்ல. எப்படி சேர் கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டார்கள். வாயால் சொல்லிப் பார்த்தேன், கோர்வையாக வரவில்லை. எழுதித் தாருங்கள் என்றார்கள். நான் படித்தது எட்டாம் வகுப்பு வரை. இதுவரை எழுதியதெல்லாம் மற்றவர்களின் வாக்குமூலம். இதுவும் அப்படித்தான் இருக்கும்.

பயிற்சி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடச் சொன்னார்கள், ஓடினேன். சல்யூட் அடிக்கச் சொன்னார்கள், அடித்தேன். நிலையத்தில் தமிழ் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் தேயிலைத் தோட்டத்து லயங்களில் குடியிருக்கும் ஆட்களின் வாக்குமூலம் எல்லாம் என்னிடம் வந்தது. விபத்துக்குப் போகும்போதும் என்னைத்தான் ஏற்றிக்கொண்டு போவார்கள். அப்படியே அளக்கும் நாடா என் கைக்கு வந்து சேர்ந்தது.

இரண்டாவது வருஷம் ஒரு தப்புச் செய்தேன். மோட்டார் சைக்கிள் ஒன்று பஸ்ஸில் மோதி ஓர் ஆள் இறந்துபோனார். நிலையத்தில் ஜீப் இல்லை. நான் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது ரோடு சுத்தமாக இருந்தது. லயத்துப் பெண்கள் வாளி வாளியாக மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளிவிட்டார்கள். விடிந்தால் அந்த வழியாகத்தான் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக வேண்டும், இரத்தத்தை மிதித்துக்கொண்டு எப்படிப் போவது என்றார்கள். அது சரிதான். அவர்கள் கைகாட்டிய இடத்தில் நாடாவை வைத்து அளந்து எழுதினேன்.

நீதிமன்றத்தில் சட்டத்தரணி கேட்டார்: "மோதிய இடத்தை உங்களுக்குக் காட்டியது யார்?"

"லயத்து ஆட்கள்."

"அவர்கள் மோதியதைப் பார்த்தார்களா?"

"இல்லை."

அதோடு வழக்கு முடிந்தது. இறந்தவரின் தகப்பன் வாசலில் நின்று என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு விபத்து என்று யார் போன் எடுத்தாலும் முதல் வார்த்தையாக "தண்ணி ஊத்தாதீங்க" என்று சொல்வேன். ஒரு கங்காணி என்னைத் திட்டியே விட்டார். "ஆளுக்கு என்னா ஆச்சுன்னு கேக்கல, தண்ணி ஊத்துனீங்களான்னு கேக்கிறீங்க. நீங்க மனுசனா ராலாமி?" கான்ஸ்டபிள்மாரை எங்கள் பக்கம் ராலாமி என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒழுங்காக அளக்கக் கற்றுக்கொண்டது ஓர் இன்ஸ்பெக்டரிடம். எங்கள் நிலையத்துக்கு அவர் இரண்டு முறை வந்தார். முதலில் சப் இன்ஸ்பெக்டராக. பல வருஷம் கழித்துப் போக்குவரத்துப் பிரிவுக்குப் பொறுப்பதிகாரியாக. குருநாகல் பக்கத்துக்காரர். தமிழ் புரியும், பேசமாட்டார். அவர் சிங்களத்தில் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

இடத்துக்கு வந்தால் உடனே குனிந்து பார்க்கமாட்டார். தொப்பியை ஜீப்பில் வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ரோட்டில் மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை நடப்பார். அழுகிறவர்கள், கத்துகிறவர்கள் எல்லாரையும் தாண்டி நடப்பார். பிறகு மோதிய வண்டி வந்த பக்கம் போய், ஓட்டியவரின் கண் எந்த உயரத்தில் இருந்திருக்குமோ அந்த உயரத்துக்கு முழங்காலை மடக்கி நின்று பார்ப்பார். காலில் வலி உள்ள மனிதர். ஆனாலும் மடக்குவார்.

அவர் அதிகம் பேசும் வார்த்தை "கோ?" சிங்களத்தில் "எங்கே?" என்று அர்த்தம். "இவன் பிழையான பக்கம் வந்தான் சேர்" என்று சொன்னால் "கோ?" என்பார். காட்டு என்று அர்த்தம். காட்ட முடியாவிட்டால் அந்த வசனத்தை அடித்துவிட வேண்டும். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் கடையிலும் அவருக்குக் "கோ மாத்தையா" என்று பெயரே விழுந்துவிட்டது.

அவர் சொன்ன முறை இது. நகராத பொருள் இரண்டைப் பிடிக்க வேண்டும். மதகு, மின்கம்பம், பாலத்துச் சுவர். மரம் கூடாது. வழக்கு முடிவதற்குள் யாராவது வெட்டிவிடுவார்கள். கிடக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் அந்த இரண்டிலிருந்தும் அளவு எடுக்க வேண்டும். நாடாவின் தலைப்பை வேடிக்கை பார்ப்பவர் கையில் கொடுக்கக் கூடாது. மழை என்றால் பென்சில். முதலில் கண்டதை எழுத வேண்டும். கேட்டதை அதற்குப் பிறகுதான். ஒரு சாமானை யாராவது நகர்த்தியிருந்தால் "நகர்த்தப்பட்டது" என்று எழுத வேண்டும். இங்கேதான் இருந்திருக்கும் என்று நாமாக வைக்கக் கூடாது.

ஒரு முறை இரண்டு மோட்டார் சைக்கிள்கள் ஒரு வளைவில் நேருக்கு நேர் மோதின. ஒருவர் டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா. மற்றவர் மரக்கறித் தோட்டத்துப் பையன். இரண்டு பேருக்கும் கை முறிந்திருந்தது, வாய் மட்டும் நன்றாக இருந்தது.

"நான் என்ட பக்கத்துலதான் வந்தன். அல்லாஹ் மேல ஆணை."

"முருகன் மேல சத்தியம் சேர், தண்ணிக் கானுக்குள்ளயே போயிட்டேன், அவ்ளோ ஓரமா வந்தேன்."

வண்டிகளை யாரோ ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து "கோ?" என்றார். நான் ரோட்டில் உட்கார்ந்தே தேடினேன். ஓரிடத்தில் காய்ந்த செம்மண் கட்டிகள், உள்ளங்கை அளவில், வளைந்து கிடந்தன. தோட்டத்து ரோட்டில் ஓடும் வண்டிகளுக்கு மட்காட்டின் உள்ளே மண் அப்பிக் காய்ந்திருக்கும். மோதுகிற அதிர்ச்சியில் அது அப்படியே கீழே விழும். விழுந்த இடம்தான் மோதிய இடம். அந்தக் கட்டிகள் நானாவின் பக்கத்தில் இரண்டடி உள்ளே கிடந்தன. பையனிடம் காட்டினேன். குனிந்து பார்த்தான். "அது என் வண்டி மண்ணுதான்" என்றான்.

இனி அந்தக் கொழுந்து லொறி கேஸ்.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருஷம். ஒரு வாரத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுத்த காலம். மலையில் இருப்பவர்களுக்கு அப்போது ஒரு பழக்கம் வந்தது. முன்பே இருந்ததுதான், அந்த வருஷம் எல்லாரும் செய்தார்கள். இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு, வண்டியைச் சும்மா உருள விடுவது. தோட்டத்து மேல் டிவிசனிலிருந்து மெயின் ரோட்டுக்கு வர ஒரு சொட்டுப் பெற்றோல் தேவையில்லை. பழைய மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின் நின்றால் முன் லைட்டும் நின்றுவிடும். அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

சாயந்திரம் நாலரை மணி. நல்ல மிஸ்ட், பனிமூட்டம். இருபது அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ரோட்டோரம் கொழுந்து நிறுக்கும் மடுவம். கொழுந்து ஏற்றிய லொறி அந்த முற்றத்திலிருந்து வெளியே வந்து, ரோட்டைக் குறுக்கே கடந்து, மேலே ஃபெக்டரிக்குத் திரும்ப வேண்டும். லொறி ரோட்டில் ஏறியபோது மேலிருந்து இறங்கிய மோட்டார் சைக்கிள் அதன் வலது முன் மூலையில் மோதியது. ஓட்டிவந்தவர் அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். பின்னால் இருந்த அவர் மனைவி வண்டிக்கு அடியில் சிக்கி, தொடை எலும்பு முறிந்து கிடந்தார்.

இறந்தவர் தபால்காரர் அந்தோனி. அந்த மலையில் அவரைத் தெரியாதவர் இல்லை. கடிதத்தைக் கொடுத்துவிட்டு, படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்தும் காட்டுவார். துக்கச் செய்தி என்றால் வாசிக்கும் முன்னால் உட்காரச் சொல்வார். மனைவி ஸ்டெல்லா, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பிள்ளை பார்க்கும் வேலை. இரண்டு பேரும் ஒரு ஞானஸ்நான வீட்டுக்குக் கிளம்பியிருந்தார்கள்.

லொறி சாரதி சிவலிங்கம். இருபது வருஷமாக அந்த ரோட்டில் ஓட்டுகிறவர். நாங்கள் போனபோது லொறிப் படியில் உட்கார்ந்திருந்தார். சுற்றி ஆட்கள். ஒருவர் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார், அவர் விடுவித்துக்கொள்ளவும் இல்லை.

"நிப்பாட்டுனேன் சேர். ரெண்டு பக்கமும் கண்ணாடிய எறக்கி, எஞ்சின நிப்பாட்டாம மெதுவா ஓட விட்டு, காது குடுத்துக் கேட்டேன். மேல எந்தச் சத்தமும் இல்ல. அப்பறந்தான் எடுத்தேன்."

இன்ஸ்பெக்டர் கேட்டார்: "நீ லொறியைக் காதால் ஓட்டுகிறாயா?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மிஸ்ட் நேரத்தில் எங்கள் சாரதிமார் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாததைக் காதால் தேடுவார்கள். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"ரோட்டுல எறங்கி நின்னு கைகாட்ட ஆள் இல்லையா?" என்று கேட்டேன்.

தலையைக் குனிந்தார். "கிளீனர் அன்னைக்கி வரல சேர். பெட்ரோல் வரிசைக்குப் போயிட்டான். நானே பாத்துக்குவோம்னு எடுத்தேன்."

அதை எழுதிக்கொண்டேன். அது அவர் பிழை.

பிறகு மோட்டார் சைக்கிளைப் பார்க்கப் போனேன். அது சுவரோரமாக அழகாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மடுவத்துக் காவல்காரர் பெருமையோடு வந்து நின்றார்.

"சாவிய திருகி ஆஃப் பண்ணேங்க. பெட்ரோல் ஒழுகுனா பத்திக்கும்ல? டேங்க் குழாயையும் பூட்டுனேன். நியூட்டல்ல போட்டு இங்க தள்ளியாந்தேன். எல்லாம் ஒழுங்கா செஞ்சேங்க."

"சாவி முன்னாடி எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"அத யாருங்க பாத்தா?"

"எல்லாத்தையும் ஒழுங்கா கெடுத்துட்டீங்க."

முகம் சுண்டிப் போனார். அவரைச் சொல்லிப் பயனில்லை. விழுந்த வண்டியைக் கண்டால் யாரும் செய்வதுதான். ஆனால் சாவியும் கியரும் இனி ஒன்றும் சொல்லாது. முன் லைட் தூளாகிக் கிடந்தது. "நகர்த்தப்பட்டது" என்று எழுதினேன்.

சிவலிங்கத்தைக் கைது செய்தோம். கவனக்குறைவாக ஓட்டி மரணம் விளைவித்தார் என்று குற்றச்சாட்டு. ரிமாண்டில் இருந்து பிணையில் வந்தார். லைசன் நீதிமன்றத்தில். தோட்டத்தில் அவருக்குப் புல் வெட்டும் வேலை கொடுத்தார்கள். பீலியில் அவர் மனைவி தண்ணீர் பிடிக்கப் போனால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்து இடம் விடாமல் நிற்பார்கள். அந்தோனியைக் கொன்றவன் வீடு என்று பேச்சு. குற்றம் நிரூபிக்கப்பட்டால் அவர் சிறைக்குப் போக வேண்டும், மறுபடி ஸ்டியரிங் பிடிக்க முடியாது.

விபத்து நடந்த மூன்றாம் நாள் ஸ்டெல்லாவிடம் வாக்குமூலம் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். தொடையில் கட்டுப்போட்டு, காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். மெதுவாகப் பேசினார்.

"மெதுவாத்தான் வந்தாரு. ஹோன் அடிச்சாரு. லைட் போட்டிருந்தாரு. லொறி சட்டுனு வந்துருச்சு."

"எஞ்சின் ஓடிச்சா?"

"ஓடாம எப்படி வர்றது?"

அவர் சொன்னபடியே எழுதினேன். விழுந்த பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன்.

"வண்டி என் மேல கெடந்துச்சு. அந்தப் பைப்பு, சைலன்சர், கால்மேலயே அழுத்திக்கிட்டு இருந்துச்சு. லொறிய சுத்தி வந்து தூக்குற வரைக்கும் அப்படியே கெடந்தேன். அவர கூப்புட்டுக்கிட்டே கெடந்தேன்."

அவர் காலைப் பார்த்தேன். கட்டுக்குக் கீழே கெண்டைக்கால் திறந்துதான் இருந்தது. குழாய் அழுத்திய நீலத் தடம் குறுக்கே ஓடியது. தோல் கன்றியிருந்தது. வெந்திருக்கவில்லை.

மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிப் பழகிய எங்கள் பெண்களில் பாதிப் பேருக்குக் கெண்டைக்காலில் சைலன்சர் சூடு பட்ட தழும்பு இருக்கும். ஒரு நொடி தொட்டாலே போதும். ஸ்டெல்லாவுக்கும் ஒன்று இருந்தது, பழையது, பளபளப்பாக. புதிதாக ஒன்றும் இல்லை.

வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினேன். கையெழுத்து வைத்தார். வெளியே வந்து வாட்டு டொக்டரைப் பிடித்தேன்.

"சேர், அந்தக் கால்ல புதுச் சூட்டுக் காயம் இருக்கா?"

"இல்லை. பழைய தழும்புதான்."

"அத ரிப்போர்ட்ல எழுதணும் சேர். புதுச் சூட்டுக் காயம் இல்லேன்னு."

"சார்ஜன்ட், இருக்கிற காயத்தைத்தான் எழுதுவோம். இல்லாததை எல்லாம் எழுத ஆரம்பித்தால் எங்கே போய் முடியும்?"

"இந்த ஒண்ண மட்டும் எழுதுங்க சேர்."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். எழுதினார்.

இன்ஸ்பெக்டர் மேசையில் ஃபைல் ஏறக்குறைய முடிந்திருந்தது. "பெரிய வண்டி ரோட்டைக் குறுக்கே மறித்தது. சிறிய வண்டிக்காரன் செத்துவிட்டான். லொறிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கட்டும். இதில் தேட என்ன இருக்கிறது?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இரக்கப்பட்டுத்தான் சொன்னார். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். பெரிய வண்டிதான் எப்போதும் குற்றவாளி.

"சிவலிங்கம் கவனிக்காமல் வந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள் சேர்," என்றேன். "கோ?"

அவரிடம் அந்த வார்த்தையை நான் திருப்பிச் சொன்னது அந்த ஒரு நாள்தான். பேனாவை மூடினார். கோபம் வந்திருந்தது. பிறகு "உன்னிடம் என்ன இருக்கிறது?" என்றார்.

காலைப் பற்றிச் சொன்னேன்.

"சூடு படாத கால்," என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தார். "போதாது."

"தெரியும் சேர். அதே ரோட்டில் பார்ப்போம்."

மிஸ்ட் இறங்கும் ஒரு சாயந்திரத்துக்காகக் காத்திருந்தோம். தோட்டத்திலிருந்து அதே லொறியை வேறு சாரதி கொண்டுவந்து, சிவலிங்கம் காட்டிய இடத்தில் நிறுத்தினார். எஞ்சின் அன்றுபோலவே ஓடிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் சாரதி இருக்கையில் ஏறி உட்கார்ந்து கண்ணாடிகளை இறக்கினார். அதே வகை மோட்டார் சைக்கிள் ஒன்றை இரவல் வாங்கியிருந்தோம். காலையிலிருந்தே அதை மேல் டிவிசனில், அந்தோனியின் லயத்து வாசலில் நிறுத்தியிருந்தேன்.

முதலில் எஞ்சினைப் போட்டு இறங்கினேன். மூன்றாவது வளைவில் வரும்போதே சத்தம் கேட்டதாக இன்ஸ்பெக்டர் குறித்தார். மேலே ஏறிப்போய் எஞ்சின் முழுக்க ஆறும் வரை நின்றேன். இரண்டாவது முறை எஞ்சினைப் போடாமல் உருள விட்டேன். காற்றுச் சத்தமும் டயர் சத்தமும் எனக்கே பெரிதாகக் கேட்டன. லொறி மூலைக்கு முன்னால் பிரேக் பிடித்து நின்றேன். இன்ஸ்பெக்டர் அப்போதுதான் தலையைத் திருப்பினார். முகம் வெளிறியிருந்தது.

"ஆயெத்" என்றார். மறுபடியும்.

மறுபடி மேலே போய், ஆற விட்டு, இறங்கினேன். மறுபடி "ஆயெத்." மூன்று முறை. மடுவத்து ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"கெழவன் ரேஸ் ஓடுறாரு டோய்."

"லொறிக்காரன்கிட்ட எவ்வளவு வாங்குனீங்க ராலாமி? எங்களுக்கும் ஒரு டீ வாங்கித் தாங்களேன்."

"நம்மாளுனு பாத்தா, செத்தவரு மேலயே பழிய போடுறாரு."

இன்ஸ்பெக்டர் லொறியிலிருந்து இறங்கி வந்து, குனிந்து, சைலன்சர்மேல் உள்ளங்கையை வைத்தார். எல்லாரும் பார்த்தார்கள். பத்து வரை எண்ணினார். கையை எடுக்கவில்லை. எண்ணி முடித்தும் எடுக்கவில்லை. அங்கே நின்ற ஒவ்வொருவரும் அந்த மாதிரிக் குழாயில் எப்போதாவது சுட்டுக்கொண்டவர்தான்.

அப்படியும் ஒரு குறை இருந்தது. இது எங்கள் பரிசோதனை. அந்தோனி அன்று எப்படி வந்தார் என்று அறிந்தவர் ஒருவர்தான்.

கால் எலும்பு ஓரளவு கூடிய பிறகு ஸ்டெல்லா பிள்ளைக் காம்பராவுக்குத் திரும்பியிருந்தார். நான் போனபோது தொட்டில்களுக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஊன்றுகோல் சுவரில். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. தாழ்ந்த குரலில் பேசினோம்.

"சொன்னத சொல்லிட்டேனே. இன்னும் என்னா?"

"ஒரு கேள்விதாம்மா. சைலன்சர் கால்ல கெடந்துச்சே, சுட்டுச்சா?"

சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். ஒரு தொட்டிலை ஆட்டினார். அதில் பிள்ளை அசையக்கூட இல்லை.

"அவரு செத்துட்டாரு. செத்தவர கூண்டுல ஏத்தப் போறீங்களா?"

"உசுரோட இருக்கவரு கூண்டுல நிக்கிறாரும்மா."

"நீங்க எங்க ஆளுதானே?"

"ஆமா. அவரும் நம்ம ஆளுதான்."

"ஊரே எனக்காக பேசுது. நான் மட்டும் எதிரா பேசணுமா?" தொட்டிலை ஆட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "சொன்னா இன்சூரன்ஸ் கெடைக்காதா?"

"கொறையும். எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. கொறையாதுன்னு சொன்னா அது பொய்."

"ஒரு பொய்யாவது சொல்லிக் கேப்பீங்கன்னு பாத்தேன்."

நான் எழுந்தேன். நோட்டுப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. அவரை வற்புறுத்தி ஒரு வரி வாங்கியிருந்தால், சட்டத்தரணி அதை ஒரு நிமிஷத்தில் கிழித்துவிடுவார். அது மட்டும் காரணம் இல்லை. அவர் புருஷனைப் பற்றிய வரி அது. அவரே எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ஃபைலில் இரண்டையும் எழுதினோம். மிஸ்ட்டில் கைகாட்ட ஆள் இல்லாமல் லொறியை ரோட்டில் ஏற்றியது சாரதியின் பிழை. மோட்டார் சைக்கிள் எஞ்சினும் லைட்டும் இல்லாமல் இறங்கியிருக்கலாம் என்பதற்குக் காரணங்கள் இவை. எழுதிய பிறகு எனக்குத் தோட்டத்தில் ஒருவரும் வணக்கம் வைக்கவில்லை. கோயில் திருவிழாவுக்குக் கூப்பிடவில்லை. வேறு நிலையத்துக்கு மாற்றிக்கொள்கிறாயா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். வேண்டாம் என்றேன். வழக்கு முடியும் வரை அங்கேயேதான் இருப்பேன் என்றேன்.

வழக்கு பல தவணை போனது. ஸ்டெல்லாவின் முறை வந்த நாளில் நீதிமன்றம் நிறையத் தோட்டத்து ஆட்கள். இன்ஸ்பெக்டர் என் பக்கத்தில். சிவலிங்கம் கூண்டில், கம்பியைப் பிடித்துக்கொண்டு.

ஸ்டெல்லா சத்தியம் செய்தார். முதல் வாக்குமூலத்தை வாசித்து, இது நீங்கள் சொன்னதா என்று கேட்டார்கள்.

"சொன்னதுதாங்க. சரியில்ல."

மொழிபெயர்ப்பாளர் அவரைப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் சொன்னார். நீதவான் நிமிர்ந்தார்.

"எது சரியில்லை?"

"எஞ்சின் ஓடலைங்க. லயத்துலேருந்தே ஓடல. திரும்பி வரும்போது மேல ஏத்தத்துக்குப் பெட்ரோல் வேணும், இப்ப போடாதீங்கன்னு நான்தான் சொன்னேன். அவரு மிஸ்ட்டா இருக்குதே, லைட் வேணுமேன்னாரு. தெரிஞ்ச ரோடுதானேன்னு சொன்னேன். நான்தான் சொன்னேன்."

மூன்றாவது முறையும் அதையே சொன்னார். நீதவான் போதும் என்றார். பின்வரிசையில் யாரோ அழும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மரணம் விளைவித்த குற்றச்சாட்டிலிருந்து சிவலிங்கம் விடுவிக்கப்பட்டார். கைகாட்ட ஆளில்லாமல் லொறியை ரோட்டில் ஏற்றியதற்கு அபராதமும், சில மாதம் லைசன் தடையும். அதை அவர் ஒப்புக்கொண்டார். இன்சூரன்ஸ் வழக்கு வேறு நீதிமன்றத்துக்குப் போனது. பிழையை இரண்டு பக்கத்துக்கும் பிரித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். ஸ்டெல்லாவுக்கு ஒரு பங்கு கிடைத்தது, முழுதாக இல்லை.

தீர்ப்பு வந்த அன்று ஸ்டெல்லா ஊன்றுகோலோடு படியிறங்கி, பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தார். தனியாகத்தான் வந்தார். சிவலிங்கம் அங்கே நின்றிருந்தார். அவரைக் கண்டதும் விலகப் பார்த்தார்.

"நில்லுங்கண்ணே," என்றார் ஸ்டெல்லா.

நின்றார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"அன்னைக்கி ரெண்டு பக்கமும் கண்ணாடிய எறக்கித்தானே வச்சிருந்தீங்க?"

"ஆமா தங்கச்சி."

"நல்லா காது குடுத்துத்தானே கேட்டீங்க?"

"கேட்டேன். சத்தியமா கேட்டேன்."

"எஞ்சின் சத்தம் இல்லேன்னு அவரு பேசிக்கிட்டே வந்தாரு. வழி முழுக்க பேசுனாரு. காத்துல எனக்குப் பாதி வெளங்கல. அப்பறம் கேட்டுக்கலாம்னு ம்... ம்...னுக்கிட்டே வந்தேன்." நிறுத்தினார். "கடைசியா என்னமோ சொல்லி சிரிச்சாரு. அது உங்க காதுல வுழுந்துச்சா?"

சிவலிங்கம் கும்பிட்ட கையைக் கீழே இறக்கினார். விழுந்தது என்று சொல்லியிருக்கலாம். ஏதாவது இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பெண் நம்பியிருப்பார்.

"இல்ல தங்கச்சி," என்றார். "ஒண்ணுமே கேக்கல."

ஸ்டெல்லா தலையை ஆட்டினார். பஸ் வந்தது. படி உயரம். சிவலிங்கம் ஊன்றுகோலை வாங்கிக்கொண்டார். ஸ்டெல்லா கம்பியைப் பிடித்து ஏறி, இடம் பார்த்து உட்காரும் வரை கீழேயே நின்று, ஜன்னல் வழியாக அதை உள்ளே கொடுத்தார்.